எல்இடி டிரைவரின் இரைச்சலைச் சொந்த மேசையில் அளப்பது எப்படி: இஎம்சி ஆய்வகத்துக்குப் போகும் முன் ஒரு முழுமையான வழிகாட்டி

இஎம்சி ஆய்வகத்தில், அதாவது ஒரு மின்கருவி வெளியே தள்ளும் மின்காந்த இரைச்சலையும் வெளியிலிருந்து வருவதைத் தாங்கும் திறனையும் சோதிக்கும் இடத்தில், மணிக்கணக்கில் பணம் போகும். அங்கே போய் நின்ற பிறகு, முதல் வரைபடத்திலேயே எல்லைக்கோட்டைத் தாண்டிய முட்களை (இரைச்சல் உச்சங்களை) பார்த்து விழிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை சொந்த மேசையிலேயே தெரிந்திருக்க வேண்டியவை. இன்னொரு கூட்டமும் உண்டு: மேசையில் அளந்தார்கள், தேறியது, ஆய்வகத்தில் தேறவில்லை. அவர்கள் அளந்தது பொருளை அல்ல, மேசையை.

இங்கே எடுத்துக்கொள்வது 40 வாட் எல்இடி டிரைவர் ஒன்று, அதாவது எல்இடி விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சுற்று. மின்கம்பி வழியே அது வெளியே தள்ளும் இரைச்சலை அளப்பதுதான் முதன்மை வேலை. சார்ஜர், அடாப்டர் போன்ற சுவிட்சிங் பவர் சப்ளை எதற்கும் இதே வரிசைதான். எல்லைகள் மட்டும் மாறும்.

1. எந்தத் தரம், எந்த எல்லை: முதலில் தாளில் எழுதுங்கள்

சிஸ்பர் என்பது மின்காந்த இரைச்சலுக்கான சர்வதேசத் தரங்களை வகுக்கும் குழு. விளக்குகளுக்கும் அவற்றின் டிரைவர்களுக்கும் சிஸ்பர் 15. கணினி, தொலைக்காட்சி வகையறாவுக்கு சிஸ்பர் 32. முன்னதில் கம்பிவழி இரைச்சலை 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை பார்க்க வேண்டும். பின்னதில் 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து தொடங்கினால் போதும்.

வீட்டுப் பயன்பாட்டுக்கான கோடு இது. குவாசை பீக் என்பது உச்சம் எத்தனை முறை வருகிறது என்பதையும் சேர்த்து எடைபோடும் அளவு, ஆவரேஜ் என்பது சராசரி. டெசிபெல் மைக்ரோவோல்ட் என்பது ஒரு மைக்ரோவோல்ட்டோடு ஒப்பிட்ட அளவு. 150 கிலோஹெர்ட்ஸில் குவாசை பீக் 66 டெசிபெல் மைக்ரோவோல்ட். 500 கிலோஹெர்ட்ஸில் 56 ஆக இறங்கும். 5 மெகாஹெர்ட்ஸ் வரை 56, அதற்கு மேல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை 60. ஆவரேஜ் எல்லை எல்லா இடத்திலும் இதைவிட 10 டெசிபெல் குறைவு. சிஸ்பர் 15இல் 150 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இன்னும் தாராளம்: 9 முதல் 50 கிலோஹெர்ட்ஸ் வரை 110, பிறகு 90இல் தொடங்கி 80க்கு இறங்கும்.

இதை எழுதி வைப்பதில் ஒரு பலன் உண்டு. உங்கள் டிரைவர் 65 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகிறது என்று வையுங்கள். இரைச்சல் அதன் மடங்குகளில் முட்களாக எழும். இரண்டாம் மடங்கு 130இல் வரும். அங்கே எல்லை சுமார் 81. மூன்றாம் மடங்கு 195. அங்கே குவாசை பீக் எல்லை சுமார் 64, ஆவரேஜ் 54. ஆக, முதலில் இடிக்கப்போவது 195தான் என்று அளக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. சந்தையில் ஏன் இத்தனை கன்ட்ரோலர்கள் 65 கிலோஹெர்ட்ஸில் ஓடுகின்றன என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது: முதல் இரண்டு மடங்கும் 150க்குக் கீழேயே நின்றுவிடுகின்றன.

2. கையில் இருக்க வேண்டியவை

லிஸ்ன் பெட்டி (மின்சாரத்துக்கும் பொருளுக்கும் நடுவே நின்று, இரைச்சலைப் பிரித்து அளக்கத் தருவது), ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அலைவரிசையில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும் கருவி), 10 டெசிபெல் டிரான்சியன்ட் லிமிட்டர் (திடீர்த் துடிப்புகளைத் தடுப்பது), தனியாக ஒரு 10 டெசிபெல் அட்டனுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது), 50 ஓம் டெர்மினேட்டர், ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர், நல்ல கோஆக்ஸ் கேபிள் ஒன்று, 2 மீட்டருக்கு 2 மீட்டர் உலோகத் தகடு, 40 சென்டிமீட்டர் உயர மர முக்காலி. தகடு அலுமினியமோ ஜி.ஐ. ஷீட்டோ, எதுவானாலும் சரி.

லிஸ்ன் வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு. விலை குறைவாகக் கண்ணில் படுபவற்றில் பல 5 மைக்ரோஹென்ரி உள்ளவை. அவை கார் உதிரிபாகங்களுக்கானவை, சிஸ்பர் 25க்கு. உங்களுக்கு வேண்டியது 50 ஓம், 50 மைக்ரோஹென்ரி. 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து அளக்க வேண்டுமானால் 5 ஓம் சேர்த்த வகையாகவும் இருக்க வேண்டும். தவறான பெட்டியிலும் திரையில் ஏதோ ஒரு வரைபடம் வந்துவிடும். ஆபத்தே அதுதான், யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

டிரைவருக்கு லோடு வேண்டும். மின்தடையை மாட்டி அளக்காதீர்கள். எல்இடி பலகையின் அலுமினிய அடித்தளத்துக்கும் விளக்கின் உலோக உடலுக்கும் இடையே இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் வழியாகத்தான் இரைச்சலின் பெரும் பகுதி ஓடுகிறது. மின்தடையில் அந்த வழியே கிடையாது. மின்தடையை வைத்து அழகாகத் தேறிய டிரைவர் ஒன்றை நானே நம்பி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். விளக்கோடு சேர்த்ததும் 3 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கோடு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. விற்கப்போகும் விளக்கின் உடலோடு சேர்த்தே அளக்க வேண்டும்.

3. எர்த் முதலில், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு

உயிருக்கு மிகவும் ஆபத்தான படி இது. நிதானமாகப் படியுங்கள்.

லிஸ்ன் பெட்டிக்குள் லைனிலிருந்து எர்த்துக்குப் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. 9 கிலோஹெர்ட்ஸ் வகையில் 4 மைக்ரோஃபாரடும் 8 மைக்ரோஃபாரடும் சேர்ந்து கிட்டத்தட்ட 12. நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவற்றின் வழியே எர்த்துக்குப் போவது சுமார் 0.87 ஆம்பியர். மில்லிஆம்பியர் என்று படித்துவிடாதீர்கள், ஆம்பியர்தான். எர்த் கம்பி கழன்றிருந்தால் பெட்டியின் உடலே மின்சாரத்தோடு நிற்கும். தொட்டால் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் லிஸ்னின் எர்த் போல்ட்டைத் தகட்டோடும் கட்டடத்தின் எர்த்தோடும் இறுக்குங்கள். மல்டிமீட்டரால் தொடர்ச்சியைச் சரிபாருங்கள். அதன் பிறகே பிளக்கைத் தொட வேண்டும். கழற்றும்போது எர்த் கடைசி.

புதியவர்கள் பிளக்கைச் செருகியதும், எர்த்துக்குக் கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி விழும். 30 மில்லிஆம்பியரில் விழும் கருவிக்கு 870 கொடுத்தால் விழாமல் என்ன செய்யும்? உடனே அதைத் தாண்டி நேரடியாக ஒயர் இழுக்கும் மகானுபாவர்கள் உண்டு. அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆர்சிசிபிக்கும் லிஸ்னுக்கும் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை வையுங்கள். கசிவு அதன் இரண்டாம் சுற்றோடு நின்றுவிடும். டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே என்று எர்த்தை விட்டுவிடக் கூடாது. அப்போதும் பெட்டிக்கு எர்த் கட்டாயம்.

4. தகடும் இடைவெளியும்

தகட்டைத் தரையில் விரியுங்கள். முக்காலியை அதன் மேல் வைத்து, விளக்கை முக்காலியில் வையுங்கள். தகட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரம், லிஸ்னிலிருந்து 80 சென்டிமீட்டர் தூரம், வேறு எந்த உலோகத்திலிருந்தும் குறைந்தது 80 சென்டிமீட்டர். எஃகு பீரோவும் கணக்கில் சேரும்.

இந்த எண்களைத் துல்லியமாகப் பிடிக்கக் காரணம், விளக்குக்கும் தகட்டுக்கும் இடையிலான இடைவெளிதான் இரைச்சல் திரும்பிவரும் பாதையின் கெப்பாசிட்டன்ஸைத் தீர்மானிக்கிறது. இன்று 20, நாளை 60 என்று வைத்தால் நேற்றைய வரைபடத்தோடு இன்றையதை ஒப்பிட முடியாது. நான் தகட்டில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

லிஸ்ன் தகட்டின் மேலேயே, உலோகத்தோடு உலோகம் பட உட்கார வேண்டும். முடியாவிட்டால் அகலமான செம்புப் பட்டையால் இணையுங்கள், நீளம் கூடவே கூடாது. சாதாரண பச்சை ஒயர் ஒரு மீட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோஹென்ரி. 30 சென்டிமீட்டர் ஒயரே 30 மெகாஹெர்ட்ஸில் 56 ஓம் ஆகிவிடும். லிஸ்னின் 50 ஓமோடு தொடராக நீங்களே இன்னொன்றைச் சேர்த்துவிட்டு அளப்பதில் பொருளில்லை. பாதுகாப்புக்குப் பச்சை ஒயர், அளவுக்குச் செம்புப் பட்டை, இரண்டும் வேண்டும்.

மின்கம்பி நீளமாக இருந்தால் வட்டமாகச் சுருட்டாதீர்கள். சுருட்டினால் அது ஒரு சோக், அதாவது இரைச்சலைத் தடுக்கும் சுருள். 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்து நடுவில் கட்டுங்கள்.

5. முதல் அளவு, பொருளை அணைத்துவிட்டு

எல்லோரும் தாவிக் கடக்கும் படி. லிஸ்னுக்கு மின்சாரம் இருக்கட்டும், விளக்கு அணைந்திருக்கட்டும். இப்போது 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு வரைபடம் எடுத்துச் சேமியுங்கள். எல்லைக்கோட்டுக்கு 6 டெசிபெல் கீழாவது இருந்தால்தான் அந்த மேசையில் அளப்பதற்குப் பொருளுண்டு.

இல்லையென்றால் வேட்டையாட வேண்டும். தலைக்கு மேலே எரியும் எல்இடி டியூப், போன் சார்ஜர், மடிக்கணினி அடாப்டர், பக்கத்து அறை யுபிஎஸ், ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சு வெளிச்சத்தில் அளந்த நாட்கள் எனக்கு உண்டு.

சென்னையில் ஒரு பையன் 720 கிலோஹெர்ட்ஸில் நின்ற முள்ளை அழிக்க அரை நாள் ஃபில்டரை மாற்றி மாற்றிச் சாலிடர் செய்தான். அது சென்னை வானொலியின் மீடியம் வேவ் அலைவரிசை. விளக்கை அணைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அடையாளம் காண எளிய வழி: டிரைவரின் முட்கள் லோடையோ மின்னழுத்தத்தையோ மாற்றினால் கொஞ்சம் நகரும், உயரம் மாறும். வானொலி அசையாது.

6. அனலைசரை இணைக்கும் வரிசை

விளக்கைப் போடும்போதும் அணைக்கும்போதும் லிஸ்னின் வெளிவாயிலில் பெரிய துடிப்பு வரும். அனலைசரின் முன்பகுதி அதில் எரிந்துபோகும். பழுதுபார்க்கும் செலவு ஆய்வகக் கட்டணத்தைவிட அதிகம். எனவே கோஆக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கைப் போடுங்கள். 15 நிமிடம் சூடாகட்டும், ஏனென்றால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் குணம் வெப்பத்தோடு மாறும். பிறகு லிமிட்டர் வழியாக இணையுங்கள். அணைக்கும் முன் கோஆக்ஸை முதலில் கழற்றுங்கள்.

அளக்காத லைனின் வாயிலில் 50 ஓம் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். சில பெட்டிகளில் சுவிட்ச் அதைத் தானே செய்துவிடும். உங்களுடையது செய்கிறதா என்று பாருங்கள்.

பேண்ட்வித் (அனலைசர் ஒரு நேரத்தில் பார்க்கும் அலைவரிசை அகலம்), 150 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழ் 200 ஹெர்ட்ஸ், மேலே 9 கிலோஹெர்ட்ஸ். அனலைசரில் இஎம்ஐ ஃபில்டர் என்ற தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். சாதாரண ஃபில்டரின் அகலம் 3 டெசிபெல் புள்ளியில் சொல்லப்படுவது, தரம் கேட்பது 6 டெசிபெல் புள்ளியில்.

அடுத்தது ஓவர்லோடு சோதனை. மிக உயரமான முள்ளின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தனி அட்டனுவேட்டரைக் கேபிளில் சேர்த்து, திருத்தத்திலும் 10 கூட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அளவு அப்படியே இருந்தால் சரி. கூடினாலும் குறைந்தாலும் அனலைசர் திணறுகிறது, அப்போது அது தானே முட்களை உற்பத்தி செய்யவும் கூடும் என்று பொருள். 65 கிலோஹெர்ட்ஸின் பெரிய முள், 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஓடும் சோதனையில் இதை அடிக்கடி செய்யும்.

7. பீக்கில் தேடி, குவாசை பீக்கில் உறுதி செய்யுங்கள்

தரம் கேட்பது குவாசை பீக்கும் ஆவரேஜும். ஆனால் முழு வரம்பையும் குவாசை பீக்கில் ஓட்டினால் விடிந்துவிடும். 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை 4.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சுமார் 6,600 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு விநாடி என்றாலும் 1 மணி 50 நிமிடம், அதுவும் ஒரு லைனுக்கு மட்டும்.

பீக் எப்போதும் மற்ற இரண்டுக்கும் மேலேதான் இருக்கும். பீக் கோடே ஆவரேஜ் எல்லைக்குக் கீழே இருந்தால் அந்த இடத்தில் வேலை முடிந்தது. தாண்டிய இடங்களில் மோசமான ஆறு முட்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் நின்று குவாசை பீக்கும் ஆவரேஜும் அளந்தால் போதும்.

வேகமாக ஓட்டுவது இங்கே வரும் பெரிய பிழை. டிரைவர் மின்சாரத்தை விநாடிக்கு 100 முறை மூச்சிழுப்பதுபோல் எடுக்கிறது. இரைச்சலும் அதோடு ஏறி இறங்குகிறது. ஒரு புள்ளியில் 10 மில்லிவிநாடிக்குக் குறைவாக நின்றால், இறங்கிய நேரத்தில் பார்த்துவிட்டுப் போய்விடலாம். நான் 20 மில்லிவிநாடி நிற்கிறேன். மொத்தமே இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

லைன், நியூட்ரல் இரண்டையும் அளங்கள். டிம்மர் வசதி இருந்தால் முழு வெளிச்சத்திலும் குறைந்த வெளிச்சத்திலும் நடுவில் இரண்டு இடங்களிலும் பாருங்கள். முழு வெளிச்சம்தான் மோசமாக இருக்கும் என்று நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

8. எண்ணைத் திருத்துவது

திரையில் தெரிவது இறுதி எண் அல்ல. லிமிட்டர் தின்ற 10, கேபிளின் இழப்பு, லிஸ்னின் திருத்தம் மூன்றையும் கூட்ட வேண்டும். 195 கிலோஹெர்ட்ஸில் ஆவரேஜ் 41.2 என்று காட்டுகிறது. லிமிட்டர் 10.1, கேபிள் 0.2, லிஸ்ன் 0.1. ஆக 51.6. எல்லை 53.8. மிச்சம் 2.2.

அனலைசர் டெசிபெல் மில்லிவாட்டில் காட்டினால் 107ஐக் கூட்டுங்கள். 50 ஓமில் டெசிபெல் மைக்ரோவோல்ட் கிடைக்கும். லிமிட்டரின் 10ஐ மறந்து அளந்துவிட்டு, தேறியது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டவரை எனக்குத் தெரியும். ஒருமுறை அமைப்பில் சேர்த்துச் சேமித்துவிட்டால் பிறகு மறக்காது.

2.2 போதுமா? போதாது. ஆய்வகத்தின் அளவுக்கே 150 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 3.4 டெசிபெல் வரை நிச்சயமின்மையை சிஸ்பர் ஒப்புக்கொள்கிறது. உங்கள் மேசை அதைவிட மோசம். அதோடு உற்பத்தியில் ஒவ்வொரு டிரைவரும் கொஞ்சம் மாறும். மேசையில் 6 டெசிபெல் மிச்சம் இல்லாமல் நான் ஆய்வகத்துக்கு நேரம் பதிவு செய்வதில்லை.

9. தேறவில்லையென்றால்: எந்த வழியில் வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஃபில்டரைக் கண்டபடி பெரிதாக்குவதற்கு முன் ஒரு கேள்வி. இரைச்சல் லைனில் போய் நியூட்ரலில் திரும்புகிறதா, அல்லது இரண்டிலும் ஒரே திசையில் போய் எர்த் வழியே திரும்புகிறதா? முதலாவது டிஃபரன்ஷியல், இரண்டாவது காமன் மோட். ஒன்றின் மருந்து மற்றதற்கு அநேகமாக வேலை செய்யாது.

பொதுவாக ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே முதலாவது, மேலே இரண்டாவது. ஆனால் பொதுவாக என்பதை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்; சோதித்துப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே, அந்த இடத்துக்கென்றே உள்ள பாதுகாப்பு வகையான ஒரு எக்ஸ்2 கெப்பாசிட்டரைச் சேருங்கள். முள் இறங்கினால் டிஃபரன்ஷியல். அடுத்து அதை எடுத்துவிட்டு, இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஒரே ஃபெரைட் வளையத்துக்குள் சில சுற்று விடுங்கள். முள் இறங்கினால் காமன் மோட்.

டிஃபரன்ஷியலுக்கு எக்ஸ் கெப்பாசிட்டரும் அதற்கு முன்னே சிறு சோக்கும். காமன் மோடுக்குக் காமன் மோட் சோக், ஒய் கெப்பாசிட்டர் (லைனிலிருந்து எர்த்துக்குப் போடும் பாதுகாப்பு வகை). ஒய் கெப்பாசிட்டரை ஏற்றிக்கொண்டே போக முடியாது: 2.2 நானோஃபாரடுக்கே 230 வோல்ட்டில் 0.16 மில்லிஆம்பியர் கசியும். இஎம்சி தேறி, மின்பாதுகாப்புச் சோதனையில் விழுந்த கதை இதனால்தான் நடக்கிறது.

ஃபில்டரைத் தொடும் முன் ஊற்றைப் பார்ப்பது மலிவு. சுவிட்ச் செய்யும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டின் டிரெயின் பக்கச் செம்புப் பரப்பு தேவைக்கு மேல் அகலமாக இருக்கிறதா? ஹீட்சிங்க் எதனோடும் இணையாமல் மிதக்கிறதா? அதை முதன்மைப் பக்கத்தின் நெகட்டிவ் முனையோடு இணைத்துப் பாருங்கள். அப்போது அது மின்சாரத்தோடு இருக்கும் என்பதால் விளக்கின் உடலிலிருந்து காப்பு இடைவெளி விட வேண்டும். கேட் மின்தடையைக் கொஞ்சம் ஏற்றினாலும் உயர் அலைவரிசை முட்கள் அடங்கும், பதிலுக்கு மாஸ்ஃபெட் கூடுதலாகச் சூடாகும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம், கோப்பின் பெயரிலேயே என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மூன்று மாற்றங்களைச் சேர்த்துச் செய்து தேறிவிட்டால், எதனால் தேறியது என்று தெரியாமல் மூன்றையும் ஆயிரக்கணக்கான டிரைவர்களில் போட வேண்டிவரும்.

10. 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மேசையில் என்ன முடியும்

காற்றுவழி இரைச்சலை வீட்டில் முறைப்படி அளக்க முடியாது. ஆனால் மின்கம்பியில் ஆர்எஃப் கரன்ட் கிளாம்ப் ஒன்றைப் போட்டு, காமன் மோட் மின்னோட்டத்தைப் பார்க்கலாம். 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் கம்பியில் 5 மைக்ரோஆம்பியர் ஓடினால், 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு சுமார் 100 மைக்ரோவோல்ட் புலம் எழும். அது 40 டெசிபெல், அதாவது 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையான 3 மீட்டர் எல்லையே அதுதான். கம்பியில் 5ஐத் தாண்டினால் ஆய்வகத்துக்குப் போகும் முன் சரிசெய்யுங்கள். சிஸ்பர் 15இன் 2018 பதிப்பிலிருந்து இது 1 கிகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது, பழைய பதிப்பை நம்பி இருந்துவிடாதீர்கள்.

11. ஆய்வகத்துக்குப் போகும் நாள்

சென்னைக்காரர்களுக்குத் தரமணியில் மத்திய அரசின் சமீர் ஆய்வு மையம் இருக்கிறது. தனியார் கூடங்களும் உண்டு. எங்கே போனாலும் நேரம் பதியும்போதே சோதனைகளின் வரிசையைக் கேட்டு அமையுங்கள். இரைச்சல் சோதனைகள் முதலில். தாங்குதிறன் சோதனைகள் பிறகு, அவற்றிலும் சர்ஜும் (மின்னழுத்தத் திடீர் எழுச்சி) இஎஸ்டியும் (நிலைமின் பாய்ச்சல்) கடைசியில். விளக்குகளுக்கான ஐஇசி 61547இல் 25 வாட்டுக்கு மேற்பட்டவற்றுக்கு லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 1 கிலோவோல்ட், எர்த்துக்கு 2 கிலோவோல்ட் சர்ஜ் அடிப்பார்கள். இஎஸ்டியில் தொட்டு 4 கிலோவோல்ட், காற்று வழியே 8. இதில் பாதி செத்த டிரைவரை எடுத்துப்போய் இரைச்சல் அளந்தால் வரும் வரைபடம் யாருக்கும் உதவாது.

சர்ஜ் அடித்ததும் விளக்கு ஒருமுறை மினுங்கினால் அது தேர்ச்சியா தோல்வியா? எந்த அளவு பாதிப்பை ஏற்கிறீர்கள் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அங்கே நின்று வாதாடுவதும் மணிக்கணக்கில்தான் சேரும்.

பையில் வைக்க வேண்டியவை: ஒரே வடிவமைப்புப் பதிப்பில் செய்த மூன்று மாதிரிகள், சர்க்யூட் வரைபடம், மேசையில் எடுத்த வரைபடங்களின் அச்சுப்படி, மேசை அமைப்பின் புகைப்படம், செம்பு டேப், இரண்டு மூன்று அளவு ஃபெரைட், எக்ஸ்2, ஒய் கெப்பாசிட்டர்கள், சாலிடர் அயர்ன். அங்கே கிடைக்கும் முதல் வரைபடத்தை உங்கள் அச்சுப்படியின் பக்கத்தில் வையுங்கள். முட்கள் அதே இடங்களில், உயரம் 3, 4 டெசிபெலுக்குள் மாறி இருந்தால் உங்கள் மேசையை அடுத்த பொருளுக்கும் நம்பலாம். அதற்கு மேல் விலகியிருந்தால், கிளம்பும் முன் அவர்கள் கம்பியை எப்படி மடித்திருக்கிறார்கள், விளக்கை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.